ஆஜர் வராத நாள்

சோப்பு அக்காவுக்குப் பொறாமை உண்டு. அதை அவள் மறைத்ததில்லை. மறைக்க நேரமும் இருந்ததில்லை. காலை எட்டு மணிக்குப் பயிற்சி மையத்தின் பின்கதவைத் திறந்து, பெரிய டப்பில் சோப்புத் தண்ணீர் கலக்கி உட்கார்ந்தால், முந்தின நாள் குழந்தைகள் வாயில் வைத்துக் கடித்த பிளாஸ்டிக் யானை, குதிரை, வளையம், கட்டை அத்தனையையும் ஒன்பதுக்குள் கழுவித் துடைத்து அந்தந்த அறையில் வைத்தாக வேண்டும். அப்புறம் தரைப் பாய்கள். அப்புறம் படம் ஒட்டிய அட்டைகள். வாரம் ஒருமுறை பந்துத் தொட்டியிலிருந்து நானூற்றுச் சொச்சம் பந்துகளை வலைப்பையில் அள்ளி அலச வேண்டும். அவள் விரல்கள் எந்நேரமும் வெளுத்துச் சுருங்கியே இருக்கும். அதனால் வந்த பெயர். சொந்தப் பெயர் சம்பளப் பதிவேட்டில் மட்டும் இருந்தது.

அந்த மையம் ஆட்டிசம் உள்ள குழந்தைகளுக்கானது. அவளுடைய மகளும் அவர்களில் ஒருத்தி. ஐந்து வயது, பேச்சு இல்லை. பேச்சு இல்லாததைக்கூட அவள் பொறுத்துக்கொண்டாள். பெண் தன்னிடம் எதையுமே கேட்டதில்லை என்பதுதான் அவளைத் தின்றது. தண்ணீர் வேண்டுமென்றால் அம்மாவின் மணிக்கட்டைப் பிடித்துப் பாட்டில் பக்கம் தள்ளுவாள், கரண்டியை எடுத்து நீட்டுவதுபோல. முகத்தைப் பார்க்கமாட்டாள்.

"நான் அவளுக்கு வெறும் கைதான். கைக்கு மேல ஒரு ஆள் இருக்கிறது அவளுக்குத் தெரியாது" என்று புருஷனிடம் புலம்புவாள்.

டயர் கடையில் வேலை பார்க்கும் அவன், "உன்னையாவது கைன்னு நினைக்கிறா. என்னை ஏணின்னு நினைச்சுக்கிட்டு தோள்ல ஏறி அலமாரியைத் திறக்குறா" என்பான். இருவரும் சிரிப்பார்கள்.

டாக்டர் எழுதிக் கொடுத்தது வாரத்துக்கு இருபத்தைந்து மணி நேரப் பயிற்சி. ஒரு டீச்சர், ஒரு குழந்தை, எதிரெதிரே உட்கார்ந்து. இவர்களால் கட்ட முடிந்தது மூன்று மணி நேரம். அதற்கே டயர் கடைக்காரன் ஞாயிற்றுக்கிழமையும் வேலைக்குப் போனான். சம்பளம் கூட்டித் தரச் சொல்லி அவள் மையத்தை நடத்தும் பெரிய மேடத்திடம் போய் நின்றபோது, "கூட்டித் தர வழியில்லை, ஆனா ஒண்ணு செய்யறேன்" என்றார் அவர். கட்டணம் கட்டிய குழந்தை ஏதாவது வராமல் கால் மணி நேரம் தாண்டிவிட்டால், அந்த டீச்சரின் அந்த நேரம் சோப்பு அக்காவின் மகளுக்கு. காசு வேண்டாம். மையத்தில் அதற்குக் 'காலி நேரம்' என்று பெயர்.

அன்றிலிருந்து அவள் ஊரார் வீட்டுக் குழந்தைகளின் காய்ச்சலை நம்பிப் பிழைக்க ஆரம்பித்தாள். ஜலதோஷக் காலம் அவளுக்கு நல்ல காலம். யாராவது குழந்தைக்கு வயிற்றுப்போக்கு என்று போன் வந்தால், "ஐயோ பாவம்" என்று வாய் சொல்லும். கால் அதற்குள், மையத்திலேயே கூட வைத்திருந்த மகளை இழுத்துவர ஓடும். அசிங்கமான பிழைப்பு என்று அவளுக்குத் தெரியும். தெரிந்தும் ஓடினாள்.

ஆனால் ஒரே ஒரு பையன் மட்டும் அவளுக்குப் பிடிகொடுக்கவே இல்லை. கண் டாக்டரின் மகன், ஆறு வயது. காலை ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை, வாரத்தில் ஐந்து நாள், அதுவும் மையத்திலேயே கைராசிக்காரி என்று பேரெடுத்த டீச்சரிடம். இரண்டு வருஷத்தில் ஒரு நாள்கூட அவன் வராமல் இருந்ததில்லை. அவள் அவனுக்கு 'ஆஜர்' என்று பேர் வைத்திருந்தாள். அந்தப் பேர் அவளுக்கும் புருஷனுக்கும் மட்டுமே தெரியும்.

"பல்லு விழுந்த அன்னிக்கும் வந்து நிக்கிறான், பல்லை டப்பாவில போட்டு எடுத்துக்கிட்டு. ஒரு தும்மலாவது வருதான்னு நானும் பாக்குறேன். இரும்பு மூக்கு."

"பச்சைப் புள்ளை மேல கண்ணு வைக்காதே."

"கண்ணு வைக்கல. மூக்கைத்தான் பாக்குறேன்."

கண் டாக்டர் வீட்டம்மா கெட்டவளாக இருந்திருந்தால் நிம்மதியாகப் பொறாமைப்பட்டிருக்கலாம். அவள் அதற்கும் வழிவிடவில்லை. "பாப்பா எப்படி இருக்கா, அக்கா?" என்று தினமும் கேட்பாள், பதிலை நின்று கேட்டுவிட்டுப் போவாள். அவள் நகரும்வரை சிரித்துவிட்டு, சோப்பு அக்கா பிளாஸ்டிக் யானையைத் தேய்க்கிற தேய்ப்பில் அதன் கண்ணே அழிந்துபோனது.

ஆஜருக்கென்று அலமாரியில் தனிப் பெட்டி இருந்தது. மற்ற குழந்தைகளுக்கு மையத்தின் பொம்மைகள்; அவனுக்கு மட்டும் வீட்டிலிருந்து வந்தவை. அதில் ஒரு கைவிசிறி. பேட்டரியில் ஓடும், ஓடும்போது இறக்கைகளில் சிவப்பும் நீலமுமாக வெளிச்சம் சுற்றும். அவன் வகுப்பில் அது சுற்றும்போதெல்லாம் சோப்பு அக்காவின் மகள் கதவு இடுக்கில் ஒட்டிக்கொண்டு நிற்பாள். மகளை அங்கிருந்து தூக்கிவரும்போது தாய்க்கு எரியும். பொம்மைகூட அவனுடையதுதான் ஓசத்தியாக இருக்க வேண்டுமா?

ஒருநாள் விடிந்ததிலிருந்து மழை கொட்டியது. பெரிய மேடம் வெளியூர் போயிருந்தார். போன் எடுக்கும் பெண் இன்னும் வந்து சேரவில்லை. கைராசி டீச்சர் மட்டும் நனைந்துகொண்டே வந்து, அறைக்குள் குடையை விரித்துக் காயவைத்துக்கொண்டிருந்தார். ஒன்பதுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது போன் அடித்தது. சோப்பு அக்கா ஈரக் கையைப் புடவையில் துடைத்துவிட்டு எடுத்தாள். கண் டாக்டர் வீட்டம்மா.

"அக்காவா? எங்க தெருமுனையில முழங்கால் அளவு தண்ணி நிக்குது. இன்னிக்கி கிளாஸ் உண்டா? உண்டுன்னா எப்படியாவது சுத்திக்கிட்டு வந்துடுறோம்."

"இல்லைங்க மேடம்" என்று சொன்னது அவள் வாய்தான். "இன்னிக்கி லீவு."

"அப்பாடா. ரொம்ப நன்றிக்கா."

போனை வைத்த பிறகும் அவள் கை அதன்மேலேயே இருந்தது. இவ்வளவுதானா என்றிருந்தது. இரண்டு வருஷமாகத் தும்மலுக்குக் காத்திருந்ததற்கு, நான்கு வார்த்தை போதுமாயிருந்தது.

ஒன்பதே காலுக்கு டீச்சர் எட்டிப் பார்த்தார். "அவங்க வரலையா?"

"தெருவுல தண்ணி நிக்குதாம்." அது பொய்யில்லையே என்று தனக்குள் வேறு சொல்லிக்கொண்டாள்.

"அப்ப பாப்பாவைக் கூட்டிட்டு வாங்க. கிட்டத்தட்ட மூணு மணி நேரம் இருக்கு. நீங்களும் உள்ளே வாங்க, எனக்கு இன்னொரு கை வேணும்."

டீச்சர் நேராகப் போய் ஆஜரின் பெட்டியைத் திறந்தார். "இவளுக்கு எது வேணும்னு எனக்குத் தெரியும். தினம் கதவு வழியா இதைத்தான் பாக்குறா." வாயால் கேட்பதற்குப் பதில் எடுத்து நீட்டிக் கேட்க, விசிறியின் போட்டோ ஒட்டிய அட்டை ஒன்று அறைக் கதவில் தொங்கிய ஆஜரின் பலகையில் ஏற்கெனவே இருந்தது. அதை எடுத்து மேஜைமேல் வைத்தார். சோப்பு அக்கா மகளுக்குப் பின்னால் உட்கார்ந்துகொள்ள வேண்டும். பேசக்கூடாது. மகள் விசிறியைப் பிடுங்கப் பாயும்போது, பின்னாலிருந்து அவள் கையைப் பிடித்து, அட்டையை எடுக்கவைத்து, டீச்சர் கையில் வைக்கவைக்க வேண்டும். வைத்த நொடியில் விசிறி மகள் கைக்கு வந்துவிடும்.

"அட்டை வந்தா பொருள் உடனே போகணும், அக்கா. மூணு எண்ணுறதுக்குள்ள. அதுவும் முதல் முதல்ல கேக்கும்போது லேட் பண்ணவே கூடாது. பண்ணா அட்டை வெறும் அட்டைன்னு நினைச்சு விட்டுடுவா. அப்புறம் மறுபடி முதல்லேர்ந்து."

முப்பது முறை, நாற்பது முறை. பிடியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தச் சொன்னார் டீச்சர். பதினொன்றரை மணிக்கு, தாய் கையை எடுத்துவிட்ட பிறகு, மகள் தானாகவே அட்டையை எடுத்து நீட்டினாள். டீச்சரிடம். விசிறி சுழன்றது. டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பின்னால் உட்கார்ந்திருந்த சோப்பு அக்காவுக்கு மகளின் பின்னந்தலைதான் தெரிந்தது. பெற்றவள் பின்னால் இருக்க, முகத்தைப் பார்த்தது டீச்சர். சந்தோஷத்துக்கு நடுவே அந்த எரிச்சலும் வந்து உட்கார்ந்துகொண்டது. அதற்கு நேரம் காலம் கிடையாது.

மறுநாள் மழை விட்டிருந்தது. ஆஜர் எட்டே முக்காலுக்கே வந்துவிட்டான். வாசலில் ஷூக்களைக் கழற்றி, மற்றவர்களுடையதையும் சேர்த்து வரிசையாக அடுக்க உட்கார்ந்தான். அவன் அம்மா பெஞ்சில் உட்கார்ந்து, பெட்டியிலிருந்து விசிறியை எடுத்துப் புது பேட்டரி போட்டுக்கொண்டிருந்தாள். அவள் முன்கையில் கட்டு.

"என்ன மேடம் கையில?" தெரியாமல் கேட்டுவிட்டாள் சோப்பு அக்கா.

"கடிச்சுட்டான், அக்கா. நேத்து ஒன்பது மணிக்கு ஷூவைப் போட்டுக்கிட்டு கதவுகிட்ட நின்னான். பன்னெண்டு வரைக்கும் நின்னான். லீவுன்னா அவனுக்குப் புரியாதே. கதவைத் திறக்கலைன்னு கோவம்." கட்டைத் தடவினாள். "அவன் என்ன பண்ணுவான், பாவம்."

சோப்பு அக்கா டப்புக்குள் குனிந்துகொண்டாள். கையில் என்ன பொம்மை இருக்கிறது என்றுகூடத் தெரியாமல் தேய்த்தாள்.

அப்போதுதான் மகள் வந்தாள். அறைக் கதவில் தொங்கிய பலகையிலிருந்து விசிறி அட்டையைப் பிய்த்து எடுத்திருந்தாள். டப்பைச் சுற்றிவந்து, அம்மாவின் சோப்பு வழியும் உள்ளங்கையில் அட்டையை வைத்து அழுத்தினாள். மணிக்கட்டைப் பிடிக்கவில்லை, தள்ளவில்லை. நிமிர்ந்து முகத்தைப் பார்த்தாள். பார்த்தபடி நின்றாள்.

ஐந்து வருஷத்தில் முதல் தடவையாக மகள் அம்மாவிடம் ஒன்று கேட்கிறாள். கேட்டது அடுத்தவன் வீட்டுப் பொருள்.

ஒண்ணு, என்றது மனசு.

"மேடம், அந்த விசிறி. ஒரு நிமிஷம் குடுங்க."

கண் டாக்டர் வீட்டம்மா அட்டையைப் பார்த்தாள். "அது இவனோட அட்டையாச்சே. பாப்பாவுக்கு எப்ப சொல்லிக் குடுத்தாங்க?"

ரெண்டு. பொய் சொல்லலாம். போன மாசம், மத்தியானம், வேறு டீச்சர் என்று ஏதாவது. ஆனால் பொய்யை ஜோடித்து முடிப்பதற்குள் மகள் முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

"நேத்து. நேத்து லீவு இல்ல மேடம். நான்தான் பொய் சொன்னேன், உங்க நேரம் இவளுக்குக் கிடைக்கட்டும்னு. என்னை என்ன வேணா பண்ணுங்க, அதை இப்பக் குடுத்துடுங்க, இவ பாத்துக்கிட்டிருக்கா."

அந்த அம்மாள் முகம் வெளுத்தது. ஆனாலும் எட்டு மாசமாக அதே பெஞ்சில் உட்கார்ந்து அதே பாடத்தைப் பார்த்தவள். மூன்று எண்ணுவது அவளுக்கும் தெரியும். கை அவள் கோபத்துக்குக் காத்திருக்காமல் நீண்டது. மகள் கையில் விசிறி சுழன்றது, சிவப்பும் நீலமுமாக.

ஆஜர் ஷூ அடுக்கிக்கொண்டிருந்தான்.

"பெரிய மேடம்கிட்ட சொல்லாம இருக்கமாட்டேன்" என்றாள் கடைசியில், கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு.

"சொல்லுங்க."

சொல்லவும் செய்தாள். ஒரு மாதத்துக்குக் காலி நேரம் கிடையாது, போனைத் தொடவே கூடாது என்று ஆயிற்று. டயர் கடைக்காரன் விஷயம் கேட்டு இரண்டு நாள் பெண்டாட்டியோடு பேசவில்லை. அதெல்லாம் பிற்பாடு.

அந்த நிமிஷத்தில் அந்த அம்மாள் கேட்டது வேறு. "எத்தனை நாள் சொல்லிக் குடுத்தாங்க?"

"நேத்து மட்டுந்தான்."

"இவனுக்கு எட்டு மாசமா சொல்லிக் குடுக்கிறாங்க. கையைப் பிடிச்சாதான் எடுப்பான். இப்பப் பாருங்க, அவன் விசிறி அவ கையில இருக்கு. வேணும்னு ஒரு தடவை திரும்பிப் பாக்குறானா?"

சோப்பு அக்கா அவளை ஏறிட்டுப் பார்த்தாள். தன் மகள்மேல் பதிந்திருந்த அந்தப் பார்வையை அவளுக்கு நன்றாகத் தெரியும். இரண்டு வருஷமாக அவளே ஆஜரை அப்படித்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கொஞ்ச நேரம் கழித்து, பாடத்தின் வழக்கப்படி, அந்த அம்மாள் விசிறியை மெல்லத் திரும்ப வாங்கிக்கொண்டாள். வாங்கினால்தானே குழந்தை மறுபடி கேட்கும். மகள் டப்பின் விளிம்பில் கிடந்த அட்டையை எடுத்தாள். அம்மாவைப் பார்த்தாள். விசிறியைப் பார்த்தாள். பிறகு நேராகப் பெஞ்சுக்குப் போய், கண் டாக்டர் வீட்டம்மாவின் கையில் அட்டையை வைத்து, நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தாள்.

ஒண்ணு எண்ணுவதற்குள் விசிறி வந்துவிட்டது. அந்த அம்மாள் கையில் அட்டை மட்டும் இருந்தது. அதன் ஈரத்தைப் புடவைத் தலைப்பால் துடைத்தாள். மறுபடியும் துடைத்தாள்.

"என்கிட்ட இதுவரைக்கும் யாரும் இப்படிக் கேட்டதில்ல, அக்கா."

சோப்பு அக்காவுக்கு வயிறு பற்றிக்கொண்டு எரிந்தது. தனக்கு ஒரு தடவை, அவளுக்கும் ஒரு தடவையா? எழுந்து போய்க் கையை நீட்டினாள்.

"அட்டையைக் குடுங்க மேடம். கழுவி மாட்டணும்."

அந்த அம்மாள் அதைக் கொடுக்கவில்லை.