அன்னாசியும் ரம்மும் கடைந்த ஞாயிறு

என் கைச் சமையலைக் குறை சொன்னவர் ராயபுரத்தில் யாரும் இல்லை. பெருமைக்காகச் சொல்லவில்லை, பெருமைக்காகவே சொன்னாலும் தப்பில்லை. எந்தக் குழம்பிலும் ஒரு சொட்டு நாக்கில் வைத்தால் போதும், அதில் என்னென்ன விழுந்திருக்கிறது, எது முன்னே விழுந்தது, எது பின்னே விழுந்தது என்று சொல்லிவிடுவேன். அந்த நாக்கை நம்பித்தான் என் வீட்டுக்காரர் ஒரு துரையிடம் பெரிய புளுகாகப் புளுகிவிட்டு வந்தார்.

அவருக்கு அப்போது கப்பலில் வேலை. வெள்ளைக்காரப் பயணிகள் சாப்பிடுகிற கூடத்தில் தட்டு ஏந்திப் பரிமாற வேண்டும். ஏழெட்டு மாதம் கடலில் இருப்பார், ஒரு மாதம் வீட்டில் இருப்பார். முந்தைய தடவை அவர் கடலில் இருந்தபோது எங்கள் முதல் பிள்ளை பிறந்தது. பதினோராம் நாள் இறந்தும் போனது. பிறந்த கடுதாசியும் இறந்த கடுதாசியும் ஏதோ ஒரு துறைமுகத்தில் அவருக்கு ஒரே நாளில் கிடைத்தன. எதை முதலில் பிரித்தார் என்று நான் ஒருநாளும் கேட்கவில்லை.

இப்போது மறுபடி எனக்கு ஆறு மாதம். "இந்தத் தபா நீ கப்பலேறுனா, திரும்பி வர்றப்போ நான் இந்த வூட்ல இருக்க மாட்டேன்" என்று அவரிடம் சொல்லியிருந்தேன். மிரட்டலுக்காகச் சொல்லவில்லை, மனதாரச் சொன்னேன். இன்னொரு பிள்ளைக்குத் தனியாகக் குழி தோண்டச் சொல்ல எனக்குத் தெம்பில்லை.

அதனால் அவர் கரையில் வேலை தேடினார். எங்களுக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு பங்களாவில் துறைமுகத்து உத்தியோகத் துரை ஒருவர் குடியிருந்தார். அவருக்குச் சமையல்காரர் தேவைப்பட்டது. துரைக்கு ஓர் ஆசையும் இருந்தது. எப்போதோ கப்பலில் வரும்போது, சாப்பாட்டுக்குப் பிறகு ஒன்று கொடுத்தார்களாம். தேங்காய்ப் பால், அன்னாசி, ரம் மூன்றையும் ஐஸில் வைத்துக் கடைந்தது; பாதி குடிக்கலாம், பாதி கரண்டியால் எடுத்துத் தின்னலாம். "அது உனக்குச் செய்யத் தெரியுமா?" என்று துரை கேட்டிருக்கிறார். இவர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, கப்பலில் அதைச் செய்வதே தான்தான் என்று சொல்லிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஒரு கேப்டன் விருந்துக்கு வருகிறார், வீட்டில் செய்து எடுத்துக்கொண்டு வா, நன்றாக இருந்தால் வேலை உனக்கு என்றார் துரை.

"இன்னாய்யா, நெசமாவே உனுக்குப் பண்ணத் தெரியுமா?" என்று கேட்டேன்.

"பாத்துக்கீறேன்."

"பாத்துக்கீறேன்னா?"

"வாசப்படியாண்ட நின்னு பாத்துக்கீறேன். கப்பல்ல சமைக்கிற கோவாக்காரன் யாரையும் உள்ள வுட மாட்டான். கிளாஸ்ல மீந்தத குடிச்சிக்கீறேன்."

தலையில் அடித்துக்கொண்டேன். ஆனாலும் உள்ளுக்குள் ஒரு துளி பயம் இல்லை. குடித்த நாக்கு அவரிடம் இருக்கிறது, கேட்டு வாங்குகிற நாக்கு என்னிடம் இருக்கிறது, வேறென்ன வேண்டும்?

வியாழக்கிழமை முதல் முயற்சி. கப்பலிலிருந்து கொண்டுவந்த ரம் பாட்டில் ஒன்று பெட்டியில் இருந்தது. அன்னாசி கொத்தவால் சாவடியிலிருந்து வந்தது. ஐஸ், வண்டிக்காரரிடம் வாங்கியது. மரத்தூள் போட்டு, கோணியில் சுற்றிக் கொடுத்தார். என் வீட்டுக்காரர் என்னை நகரச் சொல்லிவிட்டு எல்லாவற்றையும் ஒரே பாத்திரத்தில் கொட்டினார். பிறகு எண்ணூர்ப் பக்கத்துக் கல்லுப்பில் இரண்டு கை அள்ளிப் பாலுக்குள்ளேயே போட்டார்.

"இன்னாய்யா பண்றே?"

"கோவாக்காரன் கை கையா உப்பு போடுவான். என் கண்ணால பாத்தேன்."

ஒரு வாய் குடித்ததும் இருவரும் தெருவுக்கு ஓடிப்போய்த் துப்பினோம். மறுநாள் ஐஸ் வண்டிக்காரரிடம் சொன்னபோது அவர் வண்டியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "உப்பு ஐஸுக்கும்மா, பாலுக்கு இல்ல. உப்பு போட்டாத்தான் ஐஸு இன்னும் ஜில்லுனு ஆவும்" என்றார். வாசற்படியில் நின்று பார்த்தவருக்கு, அள்ளிய கை தெரிந்திருக்கிறது. அது எதில் போட்டது என்று தெரியவில்லை.

அதற்குப் பிறகு அவரை உட்காரவைத்து நான் கேள்வி கேட்டேன்.

"வாயில வச்சதும் மொதல்ல இன்னா வரும்?"

"ரம்மு. மூக்குல ஏறும். அப்பால தேங்கா. கடேசில அன்னாசி."

"அன்னாசி நாக்க அரிக்குமா?"

"அரிக்காது. பாகு மாரி இருக்கும்."

எனக்கு அதுவே போதும். நாக்கை அரிக்காத அன்னாசி வேகவைத்த அன்னாசிதான். சர்க்கரை போட்டு வேகவைத்து, அம்மியில் அரைத்து, மல்துணியில் வடிகட்டினேன். தேங்காயில் முதல் பால் மட்டும்; இரண்டாம் பால் சேர்ந்தால் தண்ணீராகிவிடும். ஈயம் பூசிய பித்தளைத் தூக்கில் ஊற்றி, மரத் தொட்டியில் ஐஸும் உப்பும் நிரப்பி, நடுவில் தூக்கை வைத்து இப்படியும் அப்படியும் திருகவேண்டும். ஓரத்தில் கட்டுகிறதை அகப்பையால் சுரண்டி, நடுவே மத்தால் கடையவேண்டும். வெள்ளிக்கிழமை ரம்மையும் சேர்த்து ஊற்றிக் கடைந்தோம். ஒரு மணி நேரம் திருகியும் மோராகவே இருந்தது. சாராயம் கலந்தால் உறையாது போலிருக்கிறது. மூக்கில் முதலில் ஏறுகிறது என்றால் அது மேலாகக் கடைசியில் ஊற்றியதாகத்தான் இருக்கவேண்டும் என்று அப்போதுதான் எனக்குப் பொறி தட்டியது. சனிக்கிழமை ரம்மைக் கடைசியில் ஊற்றினோம். அகப்பையில் எடுத்தால் விழாமல் நின்றது. அவர் ஒரு வாய் தின்றுவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு, "அதான்மே. அதேதான்" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசை முடிந்து வந்ததும் ஐஸை உடைக்க உட்கார்ந்தேன். குழவிக்கல்லால் ஓங்கிப் போட்டபோது ஐஸ் வழுக்கிக் கல் என் வலது கையில் விழுந்தது. இரண்டு விரல் நசுங்கி ரத்தம் கொட்டியது. கண் இருட்டிக்கொண்டு வந்தது. பக்கத்து வீட்டுப் பெண் ஓடிவந்து மஞ்சள் வைத்துக் கட்டி, வயிற்றுப் பிள்ளைக்காரி அசையக்கூடாது என்று என்னைப் படுக்கவைத்துவிட்டாள். எல்லாம் போச்சு, வியாழக்கிழமை உப்பு மாதிரி ஏதாவது செய்து கெடுக்கப்போகிறார் என்று சுவரைப் பார்த்துக்கொண்டு அழுதேன்.

எழுந்து வந்து பார்த்தபோது அவர் வேர்த்து விறுவிறுத்து உட்கார்ந்திருந்தார். தேங்காய் துருவி, பால் பிழிந்து, அன்னாசி வேகவைத்து, அரைத்து, வடித்து, கடைந்து முடித்திருந்தார். ஒரு கரண்டி எடுத்து நாக்கில் வைத்தேன். சனிக்கிழமை நான் செய்ததைவிட நன்றாக இருந்தது. சொல்ல எனக்கே எரிச்சலாகத்தான் இருக்கிறது, ஆனால் உண்மை அது. நான் போடாத ஒன்று அதில் இருந்தது.

"இன்னாத்தய்யா போட்ட?"

"எலுமிச்சந் தோல லேசா சீவிப் போட்டேன். கோவாக்காரன் போடல. எனுக்குத் தோணுச்சு."

கல்யாணமான நாளிலிருந்து அவர் முகத்தில் அப்படி ஒரு நிறைவை நான் பார்த்ததில்லை. தட்டு ஏந்தியே பழகின மனுஷர், முதல்முறையாகத் தட்டில் வைக்கிறதைத் தானே செய்திருந்தார்.

தொட்டியோடு ரிக்‌ஷாவில் ஏற்றிக்கொண்டு இருவரும் போனோம். கட்டுப்போட்ட கையை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டேன். விருந்து வீட்டுக்கு ரத்தக் கட்டோடு வந்தாள் என்று பேர் வேண்டாம். பங்களாவின் பின்பக்கத்துச் சமையலறையில் நான் நின்றேன். அவர் பழைய வெள்ளைக் கோட்டைப் போட்டுக்கொண்டு, கண்ணாடிக் கிளாசுகளில் எடுத்துவைத்து, மேலே ரம் ஊற்றி உள்ளே கொண்டுபோனார். கிளாசுகள் வழித்துத் துடைத்தாற்போலத் திரும்பி வந்தன. அவற்றுக்குப் பின்னாலேயே துரையும் கேப்டனும் வந்தார்கள்.

துரைக்குத் தமிழ் நன்றாகவே வரும். "இதைச் செய்தது நீதானே?" என்று இவரைக் கேட்டார். இவர் வாயைத் திறப்பதற்குள் கேப்டன் ஏதோ இங்கிலீஷில் சொல்ல, துரை சிரித்தார். "கேப்டன் உன்னைக் கேட்கிறார். அவர் கப்பல் வியாழக்கிழமை புறப்படுகிறது. உன்னைச் சமையலறைக்குத் தலைவனாகவே வைத்துக்கொள்வாராம். பழைய சிநேகிதர், நான் எப்படி மறுப்பது? நீ போய் வா. திரும்பி வந்தபின் இங்கே பார்க்கலாம்" என்றார்.

கப்பலில் சமையலறைத் தலைவர் என்பது அவர் கனவிலும் கேட்காத வேலை. கேப்டன் கேட்டு, துரையும் தலையாட்டிய பிறகு, வரமாட்டேன் என்று சொல்லிவிட்டு இந்தத் துறைமுகத்தில் எங்கே போய் வேலை கேட்பது? என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். பிறகு என் வயிற்றைப் பார்த்தார்.

"நான் பண்ணல தொர," என்றார். "எம் பொஞ்சாதி பண்ணது. எனுக்கு இது தெரியாது. கப்பல்லயும் நான் பண்ணதில்ல. நான் தட்டு தூக்குறவன்."

துரையின் முகம் சிவந்தது. "அப்படியானால் என்னிடம் பொய் சொன்னாயா?"

"ஆமா தொர."

கேப்டனுக்கு நம்பிக்கை வரவில்லை போலிருக்கிறது. அதில் ஒரு வாசனை வந்ததே, அது என்ன என்று என்னைக் கேட்கச் சொன்னார். துரை என் பக்கம் திரும்பினார். முந்தானைக்குள் என் விரல் விண் விண் என்று தெறித்தது.

"எலுமிச்சந் தோலு தொர. லேசா சீவிப் போட்டேன்" என்றேன். அப்படியே என் வீட்டுக்காரர் சொன்ன வார்த்தையையே எடுத்து, நான் செய்ததாகச் சொன்னேன். கேப்டன் என் வயிற்றைப் பார்த்துவிட்டுக் கையை விரித்தார்.

மறுநாள் துரைசானி ஆளனுப்பினாள். சமையல் வேலை எனக்கு. பிள்ளை பிறந்து நாற்பது நாள் ஆனபின் வந்தால் போதும். பொய் சொன்னவருக்கு மட்டும் அந்த வாசலில் இடமில்லை. அவர் வெள்ளைக் கோட்டை மடித்துப் பெட்டியில் வைத்துவிட்டுத் துறைமுகத்தில் மூட்டை தூக்கப் போனார். தோள் உரிந்து வருவார், நான் எண்ணெய் தடவுவேன். பெண் பிறந்த அன்று வலியெடுத்ததிலிருந்து வாசலிலேயே நின்றார். மருத்துவச்சி துடைத்துக்கூட முடிக்கவில்லை, கையை நீட்டிவிட்டார்.

அந்த பங்களாவில் நான் பல வருஷம் சமைத்தேன். விருந்து என்றால் அதைக் கடையச் சொல்வார்கள். வருகிறவர்களெல்லாம் என்னைக் கூப்பிட்டுப் பாராட்டுவார்கள். துரை ஒவ்வொரு தடவையும், "இவள் புருஷன் ஒரு பொய்யன், இவள் தங்கம்" என்று சொல்லிச் சிரிப்பார். எனக்கு உடம்பெல்லாம் எரியும். ஒருநாள் பொறுக்கமாட்டாமல் வீட்டுக்கு வந்து, நாளைக்கு எல்லாவற்றையும் துரையிடம் சொல்லிவிடப் போகிறேன் என்றேன்.

"சொல்லாதம்மே," என்றார். "நானா பண்ண ஒண்ணு அதான். அத குடுத்துத்தான் பொறந்த அன்னிக்கே புள்ள மொகத்த பாத்தேன்."

அவர் இருந்தவரை நான் யாரிடமும் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன். அந்த ஞாயிற்றுக்கிழமை கடைந்தது அவர்.