தண்ணி வந்திட்டுது

வயல் வரம்பில் கொஞ்சத் தூரம் நடந்தாலே நெஞ்சை இறுக்கியது. வாய்வுதான் என்று இஞ்சி அவித்துக் குடித்தேன். ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்ன மனைவி மீது எரிந்து விழுந்தேன். கடைசியில் அவள்தான் வென்றாள். இதயத்துக்கு இரத்தம் கொண்டுபோகும் குழாயில் கொழுப்புப் படிந்து அடைத்திருக்கிறது என்றார் டொக்டர்.

எனக்கு மயக்க மருந்து தரவில்லை. ஊசி போட்டுக் கையை மட்டும் விறைக்கச் செய்து, மணிக்கட்டு வழியாக மெல்லிய குழாயைச் செலுத்தினார்கள். பக்கத்துத் திரையில் எல்லாம் தெரிந்தது. உள்ளே விட்ட மருந்து கறுப்புக் கோடாக ஓடிவந்து பாதியில் நின்றுவிட்டது. அந்த இடத்தில் சின்னப் பலூனை ஊதி, கம்பிவலைக் குழாய் ஒன்றை விரித்து வைத்தார்கள். மறுபடி மருந்து விட்டார்கள். கோடு கடைசி வரை பாய்ந்தது.

ஊரில், கண்டாவளையில், குளத்துத் தண்ணீர் எங்கள் வயலுக்குள் நுழைந்ததும் வாய்க்காலடியில் நின்று நான் கத்துவேன். மறுகரையிலிருந்து மனைவி பதில் கத்துவாள். அதே கத்தல் என் வாயிலிருந்து தானாகப் பாய்ந்தது:

"தண்ணி வந்திட்டுது!"

"ஐயா, அசையாதேங்கோ!" என்றார் டொக்டர், சிரிப்பை அடக்க முடியாமல்.

மூடிய கதவுக்கு வெளியிலிருந்து மனைவியின் குரல் வந்தது:

"ஓம், வடிவா வரட்டும்!"