சோப்பு அடைத்த ஓட்டை

புத்தலப்பட்டு கோவர்த்தனன் முப்பது வருஷம் லாரி ஓட்டியவர். நடுவழியில் டீசல் டேங்க் ஒழுகினால் துணி சோப்பை அழுத்தி அடைத்து, எப்படியாவது வண்டியை ஊர் சேர்த்துவிடுவார். ஓடுகிற வண்டிக்கு ரிப்பேர் எதற்கு என்பது அவர் கட்சி. அதே கட்சியைத் தன் உடம்பிலும் காட்டியதுதான் வினை.

கல்யாணமான புதிதில், நாக்பூருக்கு லோடு போய் வந்த அடுத்த மாதம், மறைவிடத்தில் வலியில்லாத புண் ஒன்று வந்தது. மருந்துக்கடைக் களிம்பைத் தடவினார். ஆறிவிட்டது. அத்தோடு மறந்தும் போனார்.

இந்த மாங்காய் சீசனில் நாலு கூடை தூக்குவதற்குள் மூச்சு வாங்கியது. திருப்பதியில் இதயத்தை எக்கோ ஸ்கேன் எடுத்து, ரத்தமும் பார்த்த டாக்டர் பவ்யா அவரை மட்டும் உள்ளே கூப்பிட்டார். மகள் வயதுதான். ஆனால் பழைய புண்ணைப் பற்றிக் கேட்டு வாங்கிக்கொண்டு, பூசி மெழுகாமல் சொன்னார். அந்தப் புண் சிபிலிஸ் என்ற பால்வினை நோய். களிம்பில் ஆறவில்லை, தானாக மறைந்து உள்ளேயே தங்கிவிட்டது. இதயத்திலிருந்து கிளம்பும் பெரிய ரத்தக்குழாய் பழைய டயர் மாதிரி புடைத்திருக்கிறது, வால்வும் ஒழுகுகிறது. வாரம் ஒன்றாக மூன்று பென்சிலின் ஊசி போட்டால் கிருமி சாகும். கெட்ட வால்வுக்கு ஆபரேஷன்தான் வழி, செய்தால் நன்றாக இருக்கலாம். சம்சாரத்துக்கும் ரத்தம் பார்க்க வேண்டும்.

ஆபரேஷனுக்கு அசராத மனிதர் கடைசி வாக்கியத்தில் கதவுப் பக்கம் திரும்பிப் பார்த்தார். வெளியே பெஞ்சில் மனைவி அலர்மேல்மங்கை தயிர்சாதத்தோடு காத்திருந்தாள். சும்மா சுகர் டெஸ்ட் என்று அவளிடம் சொல்லிவிடலாமா என்று கேட்டார். பொய் சொல்ல மாட்டேன், நீங்களே சொல்லுங்கள், வேண்டுமானால் கூட இருக்கிறேன் என்றார் டாக்டர். சோப்பு இங்கே பிடிக்காது என்று கோவர்த்தனனுக்குப் புரிந்தது.

தனியாகவே போய் உட்கார்ந்து, ஒன்று விடாமல் சொன்னார். அவள் டிபன் டப்பாவை மூடினாள். நேராக லேபுக்குப் போய்க் கையை நீட்டினாள்.

சாயங்காலம் ரிசல்ட் வந்தது. அவளுக்கு ஒன்றுமில்லை. கோவர்த்தனன் அத்தனை பேர் பார்க்க அழுதுவிட்டார்.

அப்போதுதான் அவள் வாய் திறந்தாள். "சண்ட நெறய கீதுய்யா. இப்ப போட்டா உன் நெஞ்சு தாங்காது. மூணு ஊசியும் போட்டுக்கினு, வால்வ மாத்திக்கினு வா. அப்பறம் வச்சிக்கிறேன்."

மூன்று ஊசிக்கும் அவளேதான் கூட வந்தாள். ஆபரேஷன் அன்று தியேட்டர் வாசலை விட்டு நகரவில்லை.

ஆறு மாதம் கழித்து, பஸ் நிறுத்தத்திலிருந்து வீடு வரை கோவர்த்தனன் எங்கும் நிற்காமல் நடந்து வந்தார். மூச்சு வாங்கவில்லை. அலர்மேல்மங்கை அவரை ஏற இறங்கப் பார்த்தாள். கதவைச் சாத்திவிட்டு ஆரம்பித்தாள். அவர் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசாமல் முழுவதையும் கேட்டுக்கொண்டார்.