வெறுங்கால் ஒத்திகை

எங்கள் அண்டி ஆபீஸில் முதல் தீ விபத்து ஒத்திகை நடந்தது, பள்ளிக்கூடங்கள் திறந்த வாரத்துப் புதன்கிழமை. முந்திரி ஆலையை இந்தப் பக்கத்தில் அப்படித்தான் சொல்வார்கள். சிதறால் மலைக்குப் போகும் சாலையிலிருந்து ஒன்றரை கிலோமீட்டர் உள்ளே, ரப்பர் மரங்களுக்கு நடுவில் இருக்கிறது. பருப்பின் தொலியை உரிக்கும் கூடத்துக்கு நான் மேற்பார்வையாளர். அன்று வேலைக்கு வந்தவர்கள் எழுபத்திரண்டு பேர், எல்லோரும் பெண்கள். பதினொன்று பத்துக்கு மணியை அடித்துவிட்டு, நேரத்தைப் பார்த்தபடி முற்றத்தில் நின்றேன்.

எழுபத்திரண்டு பேரும் உடனே எழுந்தார்கள். வாசல்வரை ஒழுங்காக வந்தார்கள். வாசலில் நின்று, குனிந்து, செருப்பைத் தேடத் தொடங்கினார்கள்.

பருப்பு இருக்கும் கூடத்துக்குள் செருப்போடு வரக்கூடாது. காலையில் வாசல் படியில் கழற்றிப் போட்டு, காலைக் கழுவிவிட்டு உள்ளே போவார்கள். பெரும்பாலான ஜோடிகள் ஒரே கடையில் ஒரே நிறத்தில் வாங்கியவை.

"ஏட்டி, அது எனக்கயாக்கும். வாறு அறுந்தது உனக்க."

"தீப்பிடிச்சிருக்கு, வழி விடுங்கட்டி."

"பிடிக்கட்டும். புதுச் செருப்ப விட்டுட்டு வர முடியுமா?"

கடைசி ஆள் வெளியே வர நான்கு நிமிடம் பதினைந்து நொடி ஆனது. சரக்கு வாங்கும் வெளிநாட்டுக் கம்பெனியின் ஆய்வாளர்கள் ஐந்து வாரத்தில் வர இருந்தார்கள். இரண்டு நிமிடத்துக்குள் கூடம் காலியாக வேண்டும் என்பது அவர்கள் நிபந்தனை. முதலாளி என்னைக் கூப்பிட்டார்.

"போன வருசம் பாடம் எடுக்க வந்த ஆளு ரெண்டு மணிக்கூர் பேசினாரு. பாதிப்பேரு உறங்கியாச்சு. நீங்க நாலு புஸ்தகம் படிச்ச ஆளு. சிரிக்க வச்சு சொல்லிக்குடுங்க. சிரிச்சா மறக்காது."

சிரித்துக் கற்றது மனதில் நிற்கும் என்று நானும் எங்கெங்கோ படித்திருந்தேன். மறுக்கத் தோன்றவில்லை.

சனிக்கிழமை வகுப்பு. வாசலில் அதிக நேரம் நின்றவளை நடித்துக் காட்டுவது என்று முடிவு செய்திருந்தேன். நான்காவது மேசைக்காரி, என்னைவிட ஆறேழு வயது இளையவள், கூடத்தில் எதற்கும் முதலில் சிரிப்பவள். அவளுடைய செருப்பு மற்றவர்களுடையதைப் போல இருக்காது. தடித்த அடி, மேலே ஒட்டிப் பிரிக்கும் பட்டை. நான் முதுகுக்குப் பின்னால் தீ எரிவதாக வைத்துக்கொண்டு, ஒரு செருப்பைக் கையில் எடுத்துத் தூசி தட்டினேன். பட்டையை ஒட்டினேன், பிரித்தேன், விரலை விட்டுப் பார்த்தேன், மறுபடி ஒட்டினேன். பிறகு தீயைத் திரும்பிப் பார்த்து, "கொஞ்சம் நில்லு மக்கா, இடது கால் ஆயிட்டு, வலது கால் கிடக்கு" என்றேன்.

கூடமே குலுங்கியது. அவளும் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள்.

"அக்கா, நான் அப்பிடியா செய்வேன்?"

"அதுக்கும் மேல செய்வ" என்றாள் பக்கத்து மேசைக்காரி.

அன்றைய நாட்குறிப்பில் 'வகுப்பு நன்றாக அமைந்தது. நல்ல சிரிப்பு' என்று எழுதியிருக்கிறேன்.

அந்த வசனம் ஆபீஸில் பிடித்துக்கொண்டது. சாயங்காலம் ஐந்து மணிக்கு அவள் படியில் குனிந்தால் யாராவது "கொஞ்சம் நில்லு மக்கா" என்பார்கள். அவளும் சிரிப்பாள். என் பேச்சு பிறர் வாயில் ஓடுவதைக் கேட்க எனக்கும் நன்றாகத்தான் இருந்தது. ஒரு வாரம் கழித்து அவள் ஐந்து இருபது பஸ்ஸை விட்டுவிட்டு ஐந்து ஐம்பதில் போகத் தொடங்கினாள். எல்லோரும் போன பிறகு படியில் தனியாக உட்கார்ந்து செருப்பு மாட்டுவதை இரண்டு முறை பார்த்தேன். அதையும் குறித்து வைத்தேன். ஏன் என்று கேட்கவில்லை.

இரண்டாவது ஒத்திகை ஆனி மாதக் கடைசி வெள்ளிக்கிழமை. ஆய்வுக்கு நான்கு நாள் இருந்தது. மணி அடித்ததும் ஒருத்திகூடக் குனியவில்லை. முற்றத்தில் உடைத்த முந்திரி ஓடு குவிந்து கிடக்கும்; தோடு என்போம். அந்தக் குவியல்களுக்கு இடையே வெறுங்காலோடு சிரித்துக்கொண்டே ஓடி வந்தார்கள். அவள் நான்காவதாக, இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு வந்தாள். கைதட்டினார்கள். நானும் தட்டினேன். ஒரு நிமிடம் இருபத்தைந்து நொடி.

மறுநாள் அவள் வரவில்லை. பக்கத்து மேசைக்காரியிடம் விசாரித்தேன்.

"காலுல தோடு கேறிட்டு அக்கா. வீட்டுக்குப் போய், தரையெல்லாம் ரத்தமா கிடக்கத பாத்த பொறவுதான் அவளுக்கே தெரிஞ்சிருக்கு."

"தோடு குத்தினது தெரியாம எப்பிடிட்டி இருக்கும்?"

அவள் குரலைத் தாழ்த்தினாள். "அவளுக்குச் சர்க்கரை. காலு மரத்துப் போச்சு. அந்தச் செருப்பு ஆஸ்பத்திரியில எழுதிக் குடுத்ததாக்கும். வெளிய சொல்லிராதிய. புண்ணு வார உடம்புன்னு தெரிஞ்சா பருப்பு தொட விடமாட்டினும்னு மறைச்சு வச்சிருக்கா."

அன்று என்னால் நாற்காலியில் உட்கார முடியவில்லை. வாசலிலிருந்து முற்றத்தில் கூடும் இடம்வரை நடந்தேன், திரும்பினேன், மறுபடி நடந்தேன். ஐம்பத்தெட்டு அடி. வழியெங்கும் உடைந்த தோடு. தோட்டில் மிச்சமிருக்கும் எண்ணெய் தோலைப் பொள்ள வைக்கும் என்பது இங்கே எல்லோருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். ஆனால் எனக்கு ஆபீஸில் கொடுத்த மூடிய ஷூ இருக்கிறது. இரண்டு ஒத்திகையிலும் நான் அதைப் போட்டுக்கொண்டுதான் நின்றேன்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் அவள் வீட்டுக்குப் போனேன். ரப்பர் பால் வெட்டும் அவள் கணவர் வாசலில் நின்றார். என்னைப் பார்த்துவிட்டு உள்ளே பார்த்துச் சொன்னார்: "ஓட்டப்பந்தயம் வச்ச அக்கா வந்திருக்காவ."

அவள் கட்டிலில் காலைத் தலையணைமேல் வைத்திருந்தாள். சுண்டுவிரலுக்குக் கீழே கட்டு.

"வலிக்குதா?"

"வலிச்சா கொள்ளாமே அக்கா. வலிக்காததுதான் கேடு. ஆஸ்பத்திரியில வியாழக்கிழமை வரச் சொன்னினும். கறுத்திருந்தா விரல எடுக்கணுமாம்."

"எனக்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே."

"எப்பச் சொல்ல? எல்லாரும் சிரிச்சிட்டு நிக்கும்போளா?" என்றாள். அவள் குரலில் கோபம் இல்லை. "நல்லாத்தான் நடிச்சிய. அந்தப் பட்டையத் திறந்து திறந்து அடைச்சியளே, அது செரியாக்கும். இறுக்கினாலும் எனக்குத் தெரியாது, லூசா கிடந்தாலும் தெரியாது. உள்ள கல்லு கிடந்தாலும் தெரியாது. கைவிட்டுப் பாத்துத்தான் போடணும்."

கணவர் நிலைப்படியிலிருந்து கேட்டார்: "அதெல்லாம் இருக்கட்டும். இவளுக்கு வேலை உண்டுமா இல்லியா, அதச் சொல்லுங்க."

அதற்குப் பதில் விபத்துப் பதிவேட்டில் இருந்தது. வேலையிடத்தில் பட்ட காயம் என்று அதில் ஏறினால் விடுப்பு உண்டு, சிகிச்சை உண்டு, ஆபீஸ் அவள் பெயரை நீக்க முடியாது. ஏறாவிட்டால் அவள் சொல்லாமல் நின்றுவிட்ட ஆள். திங்கள் காலை பதிவேட்டை எடுத்துக்கொண்டு முதலாளி அறைக்குப் போனேன்.

"நாளைக்கு ஆய்வுக்கு வாறவிய வந்துட்டுப் போட்டும். பொறவு எழுதுங்க" என்றார்.

"பொறவு எழுதினா என்ன தேதி போடதுக்கு?"

"அடுத்த வாரத் தேதி ஏதாவது போடுங்க."

"அடுத்த வாரம் அவ வேலைக்கே வரமாட்டா சார். வராத நாளுல எப்பிடிக் காயம் படும்?"

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "பெண்ணுவள சிரிக்க வைக்கத்தான் சொன்னேன். என்னைய அழ வைக்கச் சொல்லல்ல."

வெளியே வந்து என் மேசையில் உட்கார்ந்து எழுதினேன். வெள்ளிக்கிழமைத் தேதி, நேரம். 'ஒத்திகையின்போது, செருப்பு எடுக்க நிற்கக்கூடாது என்ற மேற்பார்வையாளரின் பயிற்சிப்படி வெறுங்காலில் முற்றத்துக்கு ஓடியதில், உடைந்த தோடு வலது பாதத்தில் ஏறியது.' கீழே மேற்பார்வையாளர் கையொப்பம் என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டேன். அவள் உடம்பைப் பற்றி ஒன்றும் எழுதவில்லை. முதலாளி அதைப் படித்துவிட்டுத் தானும் கையெழுத்திட்டார். பதிவேட்டை மூடி என் பக்கம் தள்ளினார்.

செவ்வாய்க்கிழமை வந்த இரண்டு ஆய்வாளர்களும் பதிவேட்டைப் புரட்டியபோது அந்தப் பக்கத்தில் நின்றுவிட்டார்கள். ஏன் வெறுங்காலில் ஓடினார்கள் என்று மொழிபெயர்ப்பவர் வழியாகக் கேட்டார்கள்.

"செருப்பு எடுக்க நிற்பவர்களைக் கேலி செய்து நான் நடித்துக் காட்டினேன். அதனால்" என்றேன்.

மொழிபெயர்ப்பவர் தாழ்ந்த குரலில், "இதை அப்படியே சொல்லட்டுமா?" என்று கேட்டார். சொல்லச் சொன்னேன். நீளமாக எழுதிக்கொண்டார்கள். முற்றத்தில் தோடு இருக்கக்கூடாது, ஒரு மாதத்தில் திரும்ப வருவோம் என்று சொல்லிப் போனார்கள். மாலையில் முதலாளி இரண்டு ஆட்களை விட்டு முற்றத்தைப் பெருக்க வைத்தார்.

புதன்கிழமை நான் சிரிக்க வைக்க முயலவில்லை. என்ன செய்யலாம் என்று கேட்டேன். முதல் மேசையில் இருக்கும் மூத்த பெண் சொன்னாள்: "படியில குமிச்சுப் போடாம மேசை மேசையா வரிசையா வச்சா எடுக்க நேரமாவாது அக்கா. அண்ணைக்கே கேட்டிருந்தா அண்ணைக்கே சொல்லியிருப்போம்." வைத்துப் பார்த்தோம். செருப்போடு ஒரு நிமிடம் ஐம்பது நொடி.

வியாழக்கிழமை காலையிலிருந்து போனைக் கையிலேயே வைத்திருந்தேன். பன்னிரண்டு நாற்பதுக்கு அவள் கூப்பிட்டாள்.

"கறுப்பு கேறல்லியாம். இப்ப எடுக்க வேண்டாம்னு சொன்னினும். அடுத்த வியாழனும் போவணும்." உடனே அடுத்ததைக் கேட்டாள்: "அந்தப் புஸ்தகத்துல எழுதிட்டியளாமே. சர்க்கரைய எழுதினியளா?"

"இல்ல."

"விடுப்புக்கு ஆஸ்பத்திரிச் சீட்டு குடுக்கணும்லா. அதுல எழுதியிருக்கு. முதலாளி படிப்பாரே."

அதை நான் யோசித்திருக்கவில்லை. சீட்டு திங்கட்கிழமைக்குள் முதலாளி மேசைக்குப் போயாக வேண்டும். இடையில் மூன்று நாள். எழுந்து ஜன்னலுக்குப் போனேன், திரும்பி வந்தேன்.

"சீட்ட எனக்கிட்ட தா. நானே கொண்டு போய்க் குடுத்து, நின்னு பேசுதேன்" என்றேன்.

"பேசுங்க" என்றாள். பிறகு சொன்னாள்: "அங்க போய் தமாசு ஒண்ணும் சொல்லிராதிய அக்கா."