பிரேக்கில் கட்டிய கம்பி

புல்வெட்டு மிஷின் ரிப்பேர்காரருக்கு வாய் நீளம். யாராவது தோட்டக்காரர் கையில் கட்டோடு கடைக்கு வந்தால் போதும், "விரல எண்ணிப் பாத்துட்டு உள்ள வாங்கண்ணே" என்பார். பிளக் வயரைப் பிடுங்காமல் அவர் பிளேடு பக்கம் கையைக் கொண்டுபோனதில்லை. முப்பது வருஷத்தில் ஒரு கீறல் கிடையாது. அந்தத் திமிர் வேறு.

கைப்பிடி லீவரை அழுத்திப் பிடித்திருந்தால்தான் இன்ஜின் ஓடும். விட்டால் பிரேக் பிடித்து பிளேடு நின்றுவிடும். ஆனால் கார்புரேட்டரைத் திருகிச் சரிபார்க்க இரண்டு கையும் வேண்டுமே! அதனால் மூடிக்குள் இருக்கும் பிரேக்கைப் பிடிக்கவிடாமல் ஒரு துண்டுக் கம்பியால் கட்டிவைத்து ஓட்டிப் பார்ப்பார். வேலை முடிந்ததும் அவிழ்த்துவிடுவார்.

மனைவியின் தம்பி ஒரு காண்ட்ராக்டரிடம் புல் வெட்டிக்கொண்டிருந்தான். அவன் மிஷினை மட்டும் அன்றைக்கு அவிழ்க்காமல் கொடுத்துவிட்டார். அவசரமெல்லாம் இல்லை. "மக்கு மாப்ள" என்று அவனைக் கிண்டலடிக்கும் சுவாரஸ்யத்தில் மறந்துபோனார்.

மத்தியானம் ஈரப் புல் அடைத்துக்கொண்டது. அவன் லீவரை விட்டான், குனிந்தான், கையை உள்ளே விட்டான். காதில் பஞ்சு; பக்கத்தில் இன்னொரு மிஷினின் இரைச்சல். வலது கையில் கட்டைவிரலும் சுண்டுவிரலும்தான் மிஞ்சின.

சாயங்காலம் காண்ட்ராக்டர் மிஷினைக் கடைக்கே கொண்டுவந்தார். "பாத்துச் சொல்லுங்க. மிஷின் கோளாறுன்னா அவனுக்குச் செய்யவேண்டியத நான் செய்யறேன்."

அவர் போன் பேச வெளியே போன நேரத்தில் ரிப்பேர்காரர் மூடியைக் கழற்றினார். கம்பி அப்படியே இருந்தது. வெட்டிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

"மிஷின் நல்லாத்தான் இருக்கு சார். லீவரக் கட்டி வச்சுட்டுக் கைய விட்டிருக்கான், சோம்பேறி. என் மச்சினன்தான், அதுக்காகப் பொய் சொல்ல முடியுமா?"

வேலை போனது. ஆஸ்பத்திரியில் அக்காவே அவனைத் திட்டினாள். "உங்க மாமா எத்தன தடவ படிச்சுப் படிச்சுச் சொல்லியிருக்காரு!" நான் கட்டவில்லை என்று நாலு தடவை சொன்னான். ஐந்தாவது தடவை அவனுக்கே சந்தேகம் வந்துவிட்டது. படுபாவி, அதையும் கட்டில் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

இப்போது அவன் அவருடைய கடையில்தான் இருக்கிறான். அவரைப்போல மனசு யாருக்கு வரும் என்கிறார்கள் சொந்தக்காரர்கள். அவர் கார்புரேட்டரைத் திருகும்போது இடது கையால் லீவரை அழுத்திப் பிடித்துக்கொள்வது அவன் வேலை. கம்பி கட்டும் வழக்கத்தை அவர் விட்டுவிட்டார். ஆபத்தாம்.

"நீங்க மட்டும் இல்லேன்னா என் கதி என்ன மாமா?" என்றான் ஒருநாள், கடை நிறைய ஆள் இருக்கும்போது.

"விரல எண்ணிப் பாத்துட்டுப் பேசுடா" என்றார்.

எல்லாரும் சிரித்தார்கள். லீவரை விடாமல் அவனும் சிரித்தான்.