பதினெட்டு பெஞ்சும் ஒரு கயிறும்

அந்தப் பள்ளிக்கூடத்து ஆயாம்மா ஐந்தாவதோடு படிப்பை நிறுத்தியவர். கட்டிக்கொண்டவர் கண்ணை மூடியதும் கையில் எடுத்த துடைப்பத்தைப் பதினாறு வருஷமாகக் கீழே வைக்கவில்லை. யாரையும் கடிந்து ஒரு வார்த்தை பேசமாட்டார். ஆனால் ஐந்தாம் வகுப்புக்குப் புது டீச்சர் வந்ததிலிருந்து அவர் படுகிற பாடு ஆண்டவனுக்குத்தான் வெளிச்சம்.

அந்த டீச்சர் பாடத்தை நடிக்கவைத்துத்தான் நடத்துவாராம். அதற்குப் பதினெட்டு பெஞ்சையும் சுவரோரம் தள்ளணும். மணி அடித்ததும் பிள்ளைகள் பறந்துவிடும். திரும்ப இழுத்துப் போடுவது யார்? இடுப்பு வலிக்காரி ஆயாம்மாதான்.

"பாடம் படிக்க வாய் போதாதா டீச்சர்? பெஞ்சு என்ன பாவம் பண்ணுச்சு?"

"வாய்தான் படிக்குது ஆயாம்மா, மண்டைக்குள்ள இறங்க மாட்டேங்குதே. நம்ம ரேடியோவையே பாருங்க."

ரேடியோ என்பது ஒரு பெண்ணின் பட்டப்பெயர். தடங்கலே இல்லாமல் வாசிப்பாள். என்ன கதை என்று கேட்டால் திருதிருவென்று முழிப்பாள்.

சத்தம் தாங்காமல் பெரிய டீச்சர் சொல்லிவிட்டார்: "வெள்ளிக்கிழமை வந்து பார்ப்பேன். பலன் இல்லைன்னா இந்தக் கூத்து அதோட சரி."

ஆயாம்மா தினமும் கும்பிட்டார். 'ஆண்டவனே, நல்ல புத்தி கொடு. இது நிக்கட்டும்.'

வெள்ளிக்கிழமை பெரிய டீச்சர் வந்து உட்கார்ந்தார். ஆயாம்மா மூலையில் நின்றார். பாடம் இதுதான்: வீட்டுக்கு வந்த ஒருத்தி கட்டிலுக்கடியில் திருடனின் கால்களைப் பார்க்கிறாள். அலறவில்லை. கன்றைக் கட்டவேண்டும் என்று பக்கத்து வீட்டு அக்காவைக் கயிறோடு கூப்பிட்டு, ஆள் சேர்த்துப் பிடித்துவிடுகிறாள்.

ரேடியோதான் அந்தப் பெண். இடுப்பில் குடத்தோடு வந்தாள். பெஞ்சுக்கடியில் குனிந்தாள். திருடனாகப் படுத்திருந்தவன் முகத்துக்கு நேராகக் கணீரென்று ஒப்பித்தாள்: "அக்கா, கன்னுக்குட்டி அவுத்துக்கிச்சு, கயிறு கொண்டு வாங்க!"

பெரிய டீச்சர் எழுந்துவிட்டார். ஆயாம்மா வாயை மூடிக்கொண்டிருந்தால் காரியம் முடிந்திருக்கும். பொறுக்கவில்லையே!

"அடியே, திருடன்கிட்டயே கயிறு கேட்டா உன்னையே கட்டிப் போட்டுட்டுப் போவான்டி! நீ பார்த்தது அவனுக்குத் தெரியலாமா?"

வகுப்பே சிரித்தது. ரேடியோ சிரிக்கவில்லை. புத்தகத்தை எடுத்து, சத்தமே இல்லாமல் ஒருதரம் படித்தாள். மறுபடி வாசலிலிருந்து வந்தாள். கால்களைப் பார்த்தாள், பார்க்காதவள்போல் திரும்பிக்கொண்டாள். குரல் சாதாரணமாக வந்தது. குடம் பிடித்த கை மட்டும் நடுங்கியது.

"கை நடுங்குச்சுன்னு புத்தகத்துல இல்லையே?" என்றார் பெரிய டீச்சர்.

"பயம் இருக்கும்ல டீச்சர்? குரல்ல காட்டினா திருடன் உஷாராயிடுவான். வேற எங்க போகும், கைக்குத்தான் போகும்."

பெரிய டீச்சர் மறுபடி உட்கார்ந்தார். "திங்கட்கிழமையிலேருந்து ஆறாம் வகுப்புலயும் செய்யுங்க."

ஆறாம் வகுப்பில் இருபத்திரண்டு பெஞ்சு. ஆயாம்மா கூரையை அண்ணாந்து பார்த்தார்.

"நல்ல புத்தி கொடுன்னு கேட்டேன், கொடுத்துட்டே. யாருக்குன்னு நான்தான் சொல்லாம விட்டுட்டேன்" என்று முணுமுணுத்துக்கொண்டே, இடுப்பைப் பிடித்தபடி முதல் பெஞ்சை இழுக்கப் போனார்.