கோழிக்குக் கருவாடு போட்ட டிசம்பர்

என் கணவர் பேருந்து ஓட்டுநர் வேலையிலிருந்து ஓய்வுபெற்ற மறுவாரமே வீட்டில் சிறு சிறு சண்டைகள் ஆரம்பித்துவிட்டன. நான் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது அடுப்படியில் எல்லாமே இடம் மாறியிருக்கும். உப்பு இருந்த இடத்தில் சீனி இருக்கும். கேட்டால், "சும்மா எம்புட்டு நேரந்தான் உக்காந்திருக்கிறது?" என்பார்.

செல்லூரில் மாடி வாடகை வீட்டில், பக்கத்துத் தறிச் சத்தத்தோடு காலம் தள்ளியவர்கள் நாங்கள். திருப்பரங்குன்றம் தாண்டிக் கட்டிய இந்த வீட்டில்தான் முதன்முதலாகக் கொல்லை என்று ஒன்று வாய்த்தது. அந்த இடம் வெறுமனே கிடக்கிறதே, ஏதாவது வளர்க்கலாமே என்று நான்தான் சொன்னேன். நான் மனதில் நினைத்தது மல்லிகைச் செடி. அவர் திருமங்கலம் சந்தைக்குப் போய் ஒரு சேவலும் ஏழெட்டு நாட்டுப் பெட்டைகளுமாக ஆட்டோவில் வந்து இறங்கினார்.

கோழி வளர்ப்பு இருவருக்குமே தெரியாது. கோழி என்றால் எதையும் தின்னும் என்று நினைத்து, மிஞ்சிய சோறு, இட்லி, தோசை என்று போட்டோம். அவையும் சந்தோஷமாகத் தின்றன. தோசைக்கல்லில் மாவு ஊற்றும் சத்தம் கேட்டாலே அடுப்படி வாசலில் வரிசையாக வந்து நிற்கும். உடம்பு மட்டும் கொழுத்தது, முட்டை அபூர்வமாகத்தான் வந்தது. ஒருநாள் காலையில் அவர் இரண்டு கையையும் குவித்துப் பிடித்துக்கொண்டு என்னிடம் வந்தார். உள்ளே ஓடே இல்லாத ஒரு தோல்முட்டை, தண்ணீர் நிரப்பிய பலூன் மாதிரி தளதளத்தது. ஏதோ பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டதுபோல இருந்தது அவர் முகம்.

நான் பள்ளிக்கூடத்தில் ஆறாம் வகுப்புக்கு அறிவியல் நடத்துகிறவள். வெறும் சோற்றில் சுண்ணாம்புச் சத்து இல்லை, புரதமும் போதாது, கோழி எதை வைத்து ஓடு கட்டும் என்று கேட்டேன். அவர் கொல்லைப் படியில் உட்கார்ந்தார். பிறகு சொன்னார்:

"நான் முப்பது வருஷமா கெடச்ச நேரத்துல கெடச்சதத் தின்னு வயித்தக் கெடுத்துக்கிட்டவன், டீச்சர். இதுகளாவது நல்லதா திங்கட்டும்."

அவர் என்னை டீச்சர் என்று கூப்பிடுவது கேலிக்குத்தான். அன்றைக்குக் கேலியாகச் சொல்லவில்லை. நெடுந்தூர வண்டியில் போய்விட்டு, புளித்த ஏப்பத்தோடும் வயிற்றெரிச்சலோடும் அவர் வீடு திரும்பிய நாட்கள் எனக்கு நினைவுக்கு வந்தன. அதன் பிறகு கோழித் தீனி எங்கள் வீட்டில் முக்கியமான விஷயமாகிவிட்டது.

முதலில் கடையிலிருந்து முட்டைக்கோழித் தீவனம் ஒரு மூட்டை வந்தது. கோழிகள் அதை ஒரு கொத்து கொத்திப் பார்த்துவிட்டு, நேராகத் தோசைக்கல்லைத் தேடி வந்தன. நான் பள்ளிக்கூடம் போன பிறகு இவர் இரக்கப்பட்டு ரகசியமாகத் தோசை ஊற்றிப் போட்டிருக்கிறார். மாவுச் சட்டி சீக்கிரம் காலியாவதைப் பார்த்துக் கண்டுபிடித்தேன். தோசையை நிறுத்தியதும் கோழிகள் ஒருவழியாகத் தீவனத்துக்கு வந்தன. முட்டை ஓடு கெட்டிப்பட்டது. ஆனால் அவருக்குத் திருப்தியில்லை. மஞ்சள் கரு வெளிறிப் போயிருக்கிறது, கோழிகள் மண்ணைக் கிளறாமல் தட்டு முன்னாலேயே நிற்கின்றன, மாவு மாதிரி இருக்கிற அந்தத் தீனியில் என்னென்ன கலந்திருக்கிறது என்று தன் கண்ணுக்குத் தெரியவில்லை என்று குறைப்பட்டார்.

ஆகவே தானே கலக்க ஆரம்பித்தார். கம்பு, உடைத்த மக்காச்சோளம், தவிடு, கொஞ்சம் கடலைப் புண்ணாக்கு. ஓட்டுக்காகக் கிளிஞ்சலை இடித்துத் தனிச் சட்டியில் வைத்தார். முருங்கைக் கீரையைக் கொத்தாகக் கட்டி, கோழி எம்பிக் கொத்துகிற உயரத்தில் தொங்கவிட்டார். குதித்துத் தின்றால் கொழுப்பு கரையும் என்பது அவர் கணக்கு. தானியத்தை ஒரே இடத்தில் கொட்டாமல் கொல்லை முழுக்க வீசி இறைத்தார். மஞ்சள் கரு நல்ல ஆரஞ்சு நிறத்துக்கு வந்தது. அவரும் பொழுதுக்கும் கொல்லையில் நின்றதால், அடுப்படியில் உப்பு உப்பின் இடத்திலேயே இருந்தது.

மழைக்காலம் வந்ததும் கோழிகள் இறகு உதிர்த்தன, முட்டை குறைந்தது. டிசம்பரில் எங்கள் திருச்சபைப் பெண்கள் கூட்டம் அந்த முறை எங்கள் வீட்டில். வீட்டுக் கோழி முட்டையிலேயே கேக் செய்து போடுவேன் என்று நான் வேறு எல்லோரிடமும் பெருமையாகச் சொல்லி வைத்திருந்தேன். அதை அவர் மனதில் போட்டுக்கொண்டார். எனக்குத் தெரியாமல் யாரிடமோ யோசனை கேட்டு வந்து தீனியில் ஏதோ கலந்தார். கொஞ்ச நாளில் முட்டைகள் தாராளமாக வரத் தொடங்கின. கேக்குக்கென்று ஒன்றைக்கூடத் தின்னாமல் சேர்த்து வைத்தேன். நான் காரணம் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

கூட்டத்தன்று கேக் அடுப்பில் வேகும்போது பக்கத்து வீட்டில் கருவாடு வறுக்கிறார்கள் என்றுதான் நினைத்தேன். இன்றைக்குப் பார்த்தா வறுக்க வேண்டும் என்று சலித்துக்கொண்டு ஜன்னலையும் சாத்தினேன். வாசனை கூடியதே தவிரக் குறையவில்லை.

ஜெபம் முடிந்து கேக்கைப் பரிமாறினேன். எல்லோரும் ஒரு வாய் வைத்தார்கள். அப்புறம் தட்டைக் கீழே வைத்தார்கள். ஒருவர் தண்ணீர் கேட்டார். ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ஓய்வுபெற்ற அம்மா ஒருவர் எங்கள் சபையில் இருக்கிறார். மனதில் பட்டதைச் சொல்லிவிடுகிறவர். அவர் நிதானமாக மென்று முழுங்கிவிட்டு, "கேக்கு நல்லா மெத்துன்னுதான் இருக்கு டீச்சர். ஆனா நெத்திலிக் கருவாட்டு வாசம் எங்கருந்து வருது?" என்றார்.

எனக்குக் காது சூடாகிவிட்டது. அந்த நேரம் பார்த்துத் தேநீர்த் தட்டோடு உள்ளே வந்தார் என் கணவர். தட்டை இறக்கி வைக்காமலேயே சொன்னார்:

"டீச்சர் மேல தப்பில்லங்க. முட்டை கூடும்னு நாந்தான் கோழிக்குக் கருவாட்டுத் தூளு போட்டேன். கொஞ்சம் கூடுதலாவே போட்டுட்டேன்."

முதலில் சிரித்தது அந்த நர்ஸம்மாதான். கண்ணாடியைக் கழற்றித் துடைக்கிற அளவுக்குச் சிரித்தார். இன்னொருத்தி, காலையில் மீன் ஆய்ந்துவிட்டு வந்ததால் தன் கையில்தான் நாறுகிறது என்று பயந்து கையைச் சேலையில் மறைத்துக்கொண்டிருந்ததாகச் சொன்னாள். அதற்குப் பிறகு கூட்டம் முழுக்கக் கோழிப் பேச்சுதான். மிஞ்சிய கேக்கைக் கொல்லையில் போட்டோம். கோழிகள் மட்டும் அதை ரசித்துத் தின்றன.

எல்லோரும் போன பிறகு இரண்டு நாள் நான் அவரோடு முகங்கொடுத்துப் பேசவில்லை. அவர் கருவாட்டுத் தூளை அன்றே நிறுத்திவிட்டார். தினமும் ஒரு முட்டையை அவித்து, முகர்ந்து பார்த்து, தானே தின்றார். வாசனை மெல்ல மெல்லப் போனது. கிறிஸ்துமஸுக்கு முன்னால் ஒருநாள் காலையில் பாதி முட்டையை என் மூக்குக்கு நேரே நீட்டி, "இப்ப மோந்து பாரு" என்றார். முட்டை முட்டையாகத்தான் மணந்தது. எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. மறுபடியும் ஒரு கேக் செய்தேன். அதை நர்ஸம்மா வீட்டுக்கு அவரே கொண்டுபோய்க் கொடுத்து, அந்த அம்மா தின்னும்வரை எதிரில் நின்றிருக்கிறார்.

புரதத்துக்கு வேறு வழியை அந்த அம்மாவே சொல்லி அனுப்பினார். பழைய பானைக்குள் ஈரச் சாணியும் வைக்கோலும் அடைத்து மண்ணில் கவிழ்த்து வைத்தால், மறுநாள் கறையான் பிடித்திருக்கும், குஞ்சுகளுக்கு அதைவிட நல்ல தீனி கிடையாது என்றாராம். இவர் உடனே பானையைத் தூக்கிக்கொண்டு கொல்லைக்குக் கிளம்பினார். புது வீட்டுக் கதவு நிலையெல்லாம் மரம், இங்கே கறையானை வளர்க்க விடமாட்டேன் என்று மறித்தேன். யோசித்துவிட்டுச் சைக்கிளில் பானையைக் கட்டிக் கண்மாய்க் கரைக்குக் கொண்டுபோனார். இப்போது காலை நடைக்குப் பதிலாக அந்தச் சைக்கிள் பயணம். பானையைக் கொல்லைக்குக் கொண்டுவந்து உதறியதும், எங்கள் பெட்டைகள் அடைகாத்துப் பொரித்த குஞ்சுகள் அவர் காலுக்குள் விழுந்து புரண்டு பொறுக்கும். அவர் அசையாமல் நிற்பார், எங்கே மிதித்துவிடுவோமோ என்று.

போன மழைக்கும் கோழிகள் இறகு உதிர்த்தன, முட்டையும் நின்றது. எனக்குத்தான் கொஞ்சம் கவலை. அவர் வழக்கம்போலக் கம்பை இறைத்துக்கொண்டே, "அதுகளும் கொஞ்ச நாளைக்கு லீவு எடுக்கட்டும்" என்றார்.

அந்த டிசம்பரில் கேக்குக்கு வேண்டிய முட்டையைக் கடையில்தான் வாங்கினோம்.